பாதையை விட்டு இறங்கும் கால்

கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையில், ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குள், இன்று உயிரோடு நிற்பவற்றில் உலகிலேயே உயரமானது என்று அளந்து அறியப்பட்ட மரம் இருக்கிறது. பெயர் ஹைப்பீரியன். உயரம் சுமார் 116 மீட்டர். 2006 ஆகஸ்டில் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இரு ஆர்வலர்கள் அதைக் கண்டறிந்தார்கள். பின்னர் ஸ்டீவ் சில்லெட் என்ற தாவரவியலாளர் உச்சிவரை ஏறி, அங்கிருந்து அளவுநாடாவை இறக்கி உயரத்தை உறுதிசெய்தார். மரம் இருக்கும் இடத்தைப் பூங்கா நிர்வாகம் வெளியிடவில்லை. அங்கே போகப் பாதையும் போடவில்லை. 2022இல் அந்தப் பகுதி முழுவதையும் மூடிவிட்டது. மீறி நுழைந்து பிடிபட்டால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

ஒரு மரத்தைப் பார்க்கப் போனதற்குச் சிறையா என்று தோன்றும். அந்தப் பதினாறு ஆண்டுகளில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது. மரத்தின் இருப்பிடக் குறிப்புகள் இணையத்தில் கசிந்தன. பயண வலைப்பதிவுகளும் காணொளிகளும் வழி சொல்லின. பாதையே இல்லாத அடர்காட்டில் புதரை விலக்கிக்கொண்டு, ஓடையைத் தாண்டி, சரிவில் ஏறி ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். ஒருவர் போன தடத்தில் அடுத்தவர் போனார். தடம் தேய்ந்து வழியானது. மரத்தடியில் பெரணிகள் அழிந்தன, மண் மொட்டையானது. குப்பை சேர்ந்தது. கழிப்பறை இல்லாத இடம் என்பதால் மனிதக் கழிவும் தாள்களும் சேர்ந்தன. இத்தனைக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் மரத்தின் மேல் ஆசை வைத்து வந்தவர்கள். கோடரியோடு வந்தவர்கள் அல்லர்.

இந்தக் கட்டுரை எச்சரிப்பது அந்த ஆசையோடு போகிறவர்களைத்தான். ராட்சத மரங்களின் தோப்புக்குள் நடைபாதையை விட்டு வைக்கும் அடி மரத்தின் உயிர்நிலை மேல் விழுகிறது. அடி வைப்பவருக்கு அது தெரிவதில்லை. மரமும் அன்றைக்கே காட்டிக்கொடுப்பதில்லை.

116 மீட்டர் என்பது ஏறத்தாழ முப்பத்தைந்து மாடி உயரம். அவ்வளவு உயரத்தைத் தாங்க வேர் பாதாளம்வரை இறங்கியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடலோர ரெட்வுட் மரத்துக்கு ஆணிவேரே கிடையாது. வேர்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழத்துக்குள் நின்றுவிடுகின்றன. அதற்கு ஈடாகப் பக்கவாட்டில் முப்பது மீட்டர் வரையும் ஓடி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. சியெர்ரா நெவாடா மலைச்சரிவில் வளரும் ராட்சத செக்கோயாவின் கதையும் இதேதான்: முதிர்ந்த மரத்துக்கு ஆணிவேர் இல்லை, ஆழம் நாலு மீட்டரைச் சுற்றி, பரப்போ மிக அகலம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்கள் எல்லாம் மண்ணின் மேல்மட்டத்தில் இருக்கின்றன. அடிமரத்தில் ஓரடிக்கும் மேல் தடித்த பட்டை உண்டு. தீயையும் பூச்சியையும் அது தடுக்கும். சல்லிவேருக்கு அப்படியொரு கவசம் இல்லை. அதன் மேல் இருப்பது சருகும் மட்கும் மட்டுமே.

அந்தச் சருகு மெத்தையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் உதிர்ந்த இலையும் சுள்ளியும் மக்கி, பஞ்சைப் போல் உப்பியிருக்கும் அடுக்கு அது. அதிலும் அதன் கீழுள்ள மண்ணிலும் பாதிக்கு மேல் வெற்றிடம். பெரிய துளைகளில் காற்று, சிறிய துளைகளில் நீர். வேர் சுவாசிப்பது அந்தக் காற்றை, குடிப்பது அந்த நீரை. வேரோடு கூடி வாழும் பூஞ்சை இழைகள் பரவுவதும் அந்தத் துளைகளின் வழியாகத்தான். மனிதக் கால் அழுத்தும்போது முதலில் நசுங்குவது பெரிய துளைகள். காற்று வெளியேறுகிறது, மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடுகிறது, ஓடும்போது சருகையும் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. மூடியிருந்த சல்லிவேர் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. அடுத்து வருபவரின் செருப்போ பூட்ஸோ அதை நேராகவே தேய்க்கிறது.

ரெட்வுட்டுக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. கலிஃபோர்னியாக் கடற்கரையில் கோடை என்றால் ஏறக்குறைய மழையே இல்லாத மாதங்கள். அப்போது மரத்தைக் காப்பது கடலிலிருந்து வரும் மூடுபனி. ஊசியிலைகளில் படிந்து, திவலையாகத் திரண்டு, கீழே சொட்டுகிறது. 1998இல் டாட் டாசன் வெளியிட்ட ஆய்வு, ரெட்வுட் காட்டு மண்ணில் ஓராண்டில் சேரும் நீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படி மூடுபனியிலிருந்து சொட்டியது என்று கணக்கிட்டது. இந்தச் சொட்டுநீர் அடைமழையைப் போல் ஆழமாக இறங்காது. மேல்மண்ணை மட்டுமே நனைக்கும். வேர்கள் மேலேயே இருப்பதால் மரம் அதைப் பிடித்துக்கொள்கிறது. மேல்மண் இறுகிவிட்டால், தாகம் அதிகமான பருவத்தில் கிடைக்கும் அந்தச் சிறு வரவும் குறைகிறது.

பூங்காக்களில் மிதிபடுதலை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கண்டுசொல்லும் உண்மை ஒன்று உண்டு. சேதத்தின் பெரும்பங்கை ஆயிரமாவது ஆள் செய்வதில்லை, முதலில் வரும் சிலரே செய்துவிடுகிறார்கள். செடி இல்லாமல் போவதும் மண் இறுகுவதும் ஆரம்ப மிதிகளிலேயே பெருமளவு நடந்துவிடும். அதன்பின் எத்தனை பேர் நடந்தாலும் கூடுதல் கேடு மெதுவாகத்தான் ஏறும். மீள்வதோ பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள். “நான் ஒருவன் போனால் என்ன ஆகிவிடும்?” என்பதற்கு இதுவே பதில். பாதை இல்லாத இடத்தில் போகும் அந்த ஒருவர்தான் அதிகக் கேடு செய்கிறவர். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் அதிகாரபூர்வப் பாதையில் அதே கால் நடந்தால் புதிதாகக் கெடுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பாதை என்பது காட்டின் ஒரு கீற்றைப் பலி கொடுத்து மீதியைக் காப்பாற்றும் ஏற்பாடு.

இது புதிய அறிவும் அல்ல. எமிலியோ மைனெக்கெ என்ற காட்டு நோயியலாளர் 1920களிலேயே செக்கோயா தேசியப் பூங்காவின் ஜயன்ட் ஃபாரஸ்ட் தோப்பையும் கடலோர ரெட்வுட் பூங்காக்களையும் பார்த்து, சுற்றுலாக் கூட்டம் வேர்மண்ணை இறுக்கி மரங்களைப் பலவீனப்படுத்துகிறது என்று எழுதிக் கொடுத்தார். அப்போது கூடாரம் அடிப்பதும் கார் நிறுத்துவதும் மரத்தடியிலேயே நடந்தன. அந்தத் தோப்புக்குள் ஒரு குட்டி ஊரே எழும்பியது. கடைசியில் 1990களின் இறுதியில்தான் அதைப் பெயர்த்தார்கள்: 282 கட்டடங்களும் 24 ஏக்கர் தார்ப்பரப்பும் அகற்றப்பட்டன. எச்சரிக்கைக்கும் செயலுக்கும் நடுவே எழுபது ஆண்டுகள்.

யோசெமிட்டிப் பூங்காவின் மரிப்போசா தோப்பு இன்னும் பழைய பாடம். 1864இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அதைப் பொதுமக்களுக்காகப் பாதுகாத்தது. அந்தப் பாதுகாப்புக்குள்ளேதான் 1881இல் வவோனா மரத்தின் அடியைக் குடைந்து வண்டி போக வழி செய்தார்கள். சுமார் 2,100 ஆண்டு வயதான மரம், 1969 குளிர்காலத்தில் பனிப்பாரம் தாங்காமல் சாய்ந்தது. பிறகு அந்தத் தோப்புக்குள் வாகன நிறுத்தம், டிராம் வண்டி, பரிசுப்பொருள் கடை எல்லாம் வந்தன. சாலைகள் நீரோட்டத்தை மறித்தன. 2015இல் தோப்பை மூடி, இவற்றை அகற்றி, தார்ச்சாலையைப் பிய்த்து, ஈர நிலங்களின் மேல் பலகைப் பாதை அமைத்து, 2018 ஜூனில் மறுபடி திறந்தார்கள். செலவு 4 கோடி டாலர். தோப்பில் இருக்கும் முதிர்ந்த செக்கோயாக்கள் ஏறத்தாழ 500.

ரெட்வுட்டுக்குத் திரும்புவோம். அங்கே ஒரு தோப்பு எப்படிக் கெட்டது, எப்படி மீட்கப்படுகிறது என்பது நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஜெடிடயா ஸ்மித் ரெட்வுட் மாநிலப் பூங்காவில், மில் கிரீக் ஓடை ஓரம், 1998இல் ஸ்டீவ் சில்லெட்டும் மைக்கேல் டெய்லரும் மிகப் பருத்த மரங்களின் கூட்டம் ஒன்றைக் கண்டார்கள். ‘டைட்டன்களின் தோப்பு’ என்று பெயரிட்டார்கள். இடத்தைச் சொல்லவில்லை. 2007இல் ரிச்சர்ட் பிரஸ்டன் எழுதிய ‘தி வைல்டு ட்ரீஸ்’ என்ற நூல் அந்தத் தோப்பைப் பல்லாயிரம் வாசகர்களின் மனத்தில் பதித்தது. இடம் மறைக்கப்பட்டிருந்தாலும் தேடத் தொடங்கியவர்கள் ஒருநாள் கண்டுபிடித்தார்கள். கண்டவர்கள் இணையத்தில் போட்டார்கள். சில ஆண்டுகளில் பெரணிகள் மூடியிருந்த தரை, குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் ஓடும் வெற்று மண்ணாயிற்று. பெரிய மரங்களைச் சுற்றிலும் வளையமாக மிதிபட்ட நிலம்.

இந்த நிலையில் நிர்வாகத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. ரகசியத்தைத் தொடர்வது, அது ஏற்கெனவே உடைந்துவிட்டது. வேலி போட்டு மூடுவது; பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள், காவலுக்கு ஆள் போதாது. மூன்றாவது வழி, வருகிறவர்களுக்கு ஒழுங்கான பாதை கொடுத்து, கால் மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. கலிஃபோர்னியா மாநிலப் பூங்காத் துறையும், 1918 முதல் ரெட்வுட் காடுகளுக்காக உழைத்துவரும் ‘சேவ் த ரெட்வுட்ஸ் லீக்’ அமைப்பும் சேர்ந்து மூன்றாவதைத் தேர்ந்தன. அந்த மண்ணின் பூர்வகுடிகளான டொலோவா மக்களும் பணியில் பங்குகொண்டார்கள். சுமார் 400 மீட்டர் நீளத்துக்குத் தரையிலிருந்து உயர்த்திய நடைமேடை எழுந்தது. பல லட்சம் டாலர் செலவு, ஆண்டுக்கணக்கில் வேலை. இது சரியான முடிவு என்பது என் கருத்து. மறைத்து வைத்ததால் காலம் கிடைத்தது, காவல் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஹைப்பீரியனுக்கும் ஒரு நடைமேடை போட்டால் என்ன? கூடாது என்றே நினைக்கிறேன். டைட்டன்களின் தோப்பு ஏற்கெனவே இருந்த மலையேற்றப் பாதைக்கு அருகில் இருக்கிறது. ஹைப்பீரியன் இருப்பதோ பாதைகளிலிருந்து ஒதுங்கிய செங்குத்துச் சரிவில். அங்கே கட்டுமானம் கொண்டுபோவதே பெரிய அழிவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த மரத்தின் அடியில் நின்றால் அதன் உயரம் தெரியாது. கிளைகள் மறைத்து உச்சி கண்ணுக்குப் படாது. அடிமரமும் அவ்வளவு பருமன் இல்லை. பூங்காவின் சாதாரணப் பாதைகளின் ஓரத்திலேயே அதைவிடப் பருத்த மரங்கள் பல நிற்கின்றன. உலகிலேயே உயரமானது என்ற பெயரைத் தவிர, அந்தச் சரிவில் ஏறிப் போய்க் காண்பதற்கு வேறெதுவும் இல்லை. அங்கே கைப்பேசிச் சமிக்ஞை கிட்டத்தட்டக் கிடையாது, இருப்பிடம் காட்டும் கருவியும் சரியாக வேலை செய்யாது. கால் பிசகினாலும் உதவி வந்து சேர வெகுநேரமாகும்.

இருப்பிடம் அம்பலமாவதால் வரும் கேடு மிதிபடுதலோடு நிற்பதும் இல்லை. ரெட்வுட்டின் அடியில் திரளும் முடிச்சு மரத்துக்கு மேசையும் அலங்காரப் பொருளும் செய்யும் சந்தையில் நல்ல விலை. இரவில் வந்து இயந்திர ரம்பத்தால் முடிச்சை அறுத்துப் போகும் திருட்டு பெருகியதால், 2014இல் அந்தப் பூங்காவின் முக்கியச் சாலை ஒன்றை இரவு நேரத்தில் மூட வேண்டிவந்தது. ஒருகாலத்தில் 20 லட்சம் ஏக்கர் பரந்திருந்த பழங்காட்டில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 5 விழுக்காடு. தேசியப் பூங்கா 1968இல் அமைந்த பிறகும் அதன் எல்லைக்கு வெளியே வெட்டு தொடர்ந்தது. 1978இல் எல்லையை விரித்தபோது உள்ளே வந்த நிலத்தில்தான் ஹைப்பீரியன் நிற்கிறது. வெட்டு அதன் அருகே வரை வந்துவிட்டிருந்தது. ரம்பத்திடம் அப்படி நூலிழையில் தப்பிய மரம் அது.

காலால் மண்ணை இறுக்குவது ஒரு வகைக் கேடு. காலோடு மண்ணைக் கொண்டுவருவது அதைவிட மோசமானது. நியூசிலாந்தின் வடபகுதியில் வைப்போவா காட்டில் டானெ மஹுட்டா என்ற கவ்ரி மரம் நிற்கிறது. உயிரோடு இருக்கும் கவ்ரிகளில் மிகப் பெரியது. உயரம் 51 மீட்டர், சுற்றளவு 13 மீட்டருக்கும் மேல். மவோரி மக்கள் அதைக் காட்டின் தெய்வமாகப் போற்றுகிறார்கள். கவ்ரியின் சல்லிவேரும் சருகுக்கு அடியிலேயே இருக்கிறது. கிளைவிரிவின் மூன்று மடங்கு தூரம் வரைகூட வேர் பரவும். அந்த வேரைத் தாக்கும் ஃபைட்டோஃப்தோரா அகாதிடிசிடா என்ற நுண்ணுயிரி 2015இல் தனி இனமாக முறையாக விவரிக்கப்பட்டது. ஈரமண்ணில் அதன் வித்துகள் வேரை நோக்கி நீந்திப் போகின்றன. உள்ளே புகுந்து திசுவை அழுகச் செய்து நீரும் சத்தும் மேலே ஏறாமல் அடைக்கின்றன. இலைக்கூட்டம் மெலிகிறது, அடிமரத்தில் பிசின் வடிகிறது, மரம் சாகிறது. குண்டூசித் தலையளவு மண்ணே நோயைக் கடத்தப் போதும் என்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். தடித்த உறையுள்ள வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. பாஸ்ஃபைட் ஊசி போட்டு நோயின் வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவே.

ஆக்லாந்து நகரை ஒட்டிய வைட்டாக்கெரே மலைக்காட்டில் நோய் பரவியபோது, அந்த நிலத்துக்குரிய டெ கவெராவ் ஆ மாக்கி மக்கள் 2017 டிசம்பரில் காட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்று தங்கள் மரபுப்படி தடை விதித்தார்கள். அரசு அமைப்பு அதை ஏற்றுக் காட்டுப் பாதைகளை மூடியது 2018இல். காட்டுப்பன்றிகளாலும் நோய் பரவுகிறது என்பது உண்மைதான். ஆனால் பன்றியிடம் பேச முடியாது, மனிதரிடம் பேசலாம். இன்று கவ்ரிக் காட்டுப் பாதைகளின் வாசலில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைக்கும் நிலையங்கள் இருக்கின்றன. டானெ மஹுட்டாவைப் பார்ப்பது உயர்த்திய பலகைப் பாதையிலிருந்துதான். அந்த நிலையத்தில் இரண்டு நிமிடம் நிற்கச் சோம்பல் படுகிறவர், முந்தைய காட்டின் மண்ணை இந்தக் காட்டுக்குள் சுமந்து போகிறார். ஜப்பானின் யாக்குஷிமா தீவில் உள்ள ஜோமோன் சுகி என்ற பழஞ்சிடார் மரத்திலும் வேர்மண் மிதிபட்டு அரிக்கப்பட்டதால், 1996 முதல் சற்றுத் தள்ளிக் கட்டிய மேடையிலிருந்து மட்டுமே பார்க்க விடுகிறார்கள்.

கேடுகளின் அளவைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ராட்சத மரங்களுக்கு இன்று மிகப் பெரிய எதிரி நடப்பவர்களின் கால் அல்ல. ரிச்சர்ட் ஹார்ட்டஸ்வெல்ட் 1960களின் தொடக்கத்திலேயே மரிப்போசா தோப்பை ஆராய்ந்து, இயற்கையாக வரும் சிறு தீயைக்கூட அணைத்து அணைத்துக் காட்டில் எரிபொருளைக் குவித்துவைத்திருப்பதே செக்கோயாவுக்குப் பெரும் ஆபத்து என்று எச்சரித்தார். அது பலித்தது. 2020இல் வந்த காசில் தீயும் 2021இல் வந்த கேஎன்பி, விண்டி தீகளும் உலகின் பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 விழுக்காட்டைக் கொன்றன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகள் தீயோடு வாழ்ந்த மரங்கள் இரண்டே கோடைகளில் போயின. இதைக் காட்டி, “அங்கே ஆயிரக்கணக்கில் எரிகிறது, நான் ஓரடி நகர்ந்து நின்றதுதானா குற்றம்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு நேரெதிராகப் போகிறது. வெப்பமும் வறட்சியும் தீயும் ஏற்கெனவே நெருக்கும் மரத்துக்கு நீர் உறிஞ்சும் வேர் ஒவ்வொன்றும் இன்று முன்னைவிட அவசியம். தீயை அடக்க அரசும் விஞ்ஞானமும் பெரும் பணமும் வேண்டும். காலைப் பாதைக்குள் வைத்துக்கொள்ள நடப்பவரின் மனம் மட்டும் போதும்.

சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாழும் தமிழர்கள் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அழைத்துப்போகும் இடங்களில் ம்யூர் வுட்ஸ் ரெட்வுட் காடும் யோசெமிட்டியும் கட்டாயம் உண்டு. அவர்களுக்கும், நியூசிலாந்திலோ ஜப்பானிலோ இத்தகைய தோப்புகளுக்குப் போகிறவர்களுக்கும் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். வேலிக்கு அப்பால் பிள்ளையை நிறுத்தி, மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்காதீர்கள்; அந்த இடத்தில்தான் சல்லிவேர் இருக்கிறது, உங்கள் படத்தைப் பார்த்து அடுத்த குடும்பமும் அங்கேயே நிற்கும். பாதையில் சேறு கிடந்தால் ஓரமாக ஒதுங்காமல் சேற்றிலேயே நடங்கள். ஒதுங்க ஒதுங்கப் பாதை அகலமாகி வேரைத் தின்னும். வளைவுகளில் குறுக்கு வழி பிடிக்காதீர்கள். புறப்படுமுன் வீட்டிலேயே காலணியின் அடிப்பள்ளங்களைத் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். காற்று பலமாக வீசும் நாளில் பெரிய மரங்களின் அடியில் தங்காதீர்கள். உயரத்திலிருந்து முறிந்து விழும் கிளை ஆளைக் கொல்லும். மூடிய பாதை என்று பலகை இருந்தால், அதைத் தாண்டிப் போனவர்களின் தடம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

பெயர் பெற்ற மரம் எதையேனும் பாதைக்கு வெளியே நீங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தால், அதன் இருப்பிடக் குறிப்பையோ நடந்த தடத்தின் வரைபடத்தையோ எங்காவது பகிர்ந்திருந்தால், இன்றே அதை நீக்கிவிடுங்கள். வழி கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பூங்கா வெளியிட்டிருக்கும் பாதைகளை மட்டும் சொல்லுங்கள்.